களியக்காவிளை எல்லை தாண்டி ஒரு ட்யூப் ஆம்ப்: பழையதை வாங்கவும் ட்யூப் மாற்றவும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் அலையாமல், காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் ட்யூப் ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகள் வைத்த கிட்டார் ஆம்ப்ளிஃபையர், பார்த்துவிடலாம். கானமேளா குழுக்களும் ராக் பேண்டுகளும் பல வருஷமாக இருக்கிற ஊர் அது. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சாமான்களும் அங்கே கைமாறிக்கொண்டே இருக்கும். பழைய மார்ஷல், பீவி, மெசா பூகி கம்பெனி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) ஒன்று அவ்வப்போது விலைக்கு வருவது அப்படித்தான். முதல்முறை வாங்கப் போகிறவருக்கும், வாங்கிய பிறகு ட்யூப் மாற்ற நினைக்கிறவருக்கும் இது.

ட்யூப் தேய்கிற பொருள். விளக்குத்திரி மாதிரி எரிந்து தீரும், மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உள்ளே இருக்கிற இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மரையும் போர்டையும்தான். அது நன்றாக இருந்தால் செத்த ட்யூபோடு வந்த ஆம்ப்கூட நல்ல வாங்கல். ட்ரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் புத்தம் புது ட்யூப் எட்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை. விற்கிறவர் "ஒரு குழப்பவும் இல்ல, ட்யூபெல்லாம் புதியதாணு" என்று ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

ஹை-கெயின் ஆம்பில், அதாவது சத்தத்தை மிகையாகப் பெருக்கிக் கரகரக்க வைக்கிற ஆம்பில், அந்தக் கரகரப்பு (டிஸ்டார்ஷன்) பெரும்பாலும் பிறப்பது பிரீஆம்ப் என்கிற முன்பகுதியில். விரல் உயரத்துக்குச் சின்னதாக இருக்கும் 12ஏஎக்ஸ்7 ட்யூப்கள் வரிசையாக நின்று, ஒன்று பெருக்கியதை அடுத்தது மேலும் பெருக்கும். ஐரோப்பியப் பெயர் ஈசிசி83, இரண்டும் ஒன்றே. கடைசியில் ஸ்பீக்கரைத் தள்ளுவது பெரிய பவர் ட்யூப்கள்: மார்ஷல் என்றால் பெரும்பாலும் இஎல்34, அமெரிக்க ஆம்ப் என்றால் 6எல்6.

1981இல் வந்த மார்ஷல் ஜேசிஎம்800 வரிசையின் 100 வாட் 2203 மாடலில் மூன்று 12ஏஎக்ஸ்7, நான்கு இஎல்34. அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனுக்காக 1992இல் வந்த பீவி 5150இல் ஐந்து 12ஏஎக்ஸ்7, நான்கு 6எல்6. அவர் பீவியை விட்டுப் போனபிறகு அதே சர்க்கியூட் 6505 என்ற பெயரில் தொடர்ந்தது, ஆகவே பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். மெசாவின் டூயல் ரெக்டிஃபையரில் இவை போக, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ட்யூப் வேறு இரண்டு உண்டு.

ட்யூப் என்று சொல்லி விற்பதெல்லாம் ட்யூப் ஆம்பும் இல்லை. மார்ஷல் வால்வ்ஸ்டேட் வரிசையில் பெரும்பாலும் பிரீஆம்பில் ஒரே ஒரு ட்யூப், பவர் பகுதி டிரான்சிஸ்டர். எம்ஜி வரிசையில் ட்யூபே கிடையாது. கெட்ட ஆம்ப் என்று சொல்லவில்லை, விலைதான் வேறு. பின்பக்கக் கம்பிவலை வழியே டார்ச் அடித்துப் பெரிய ட்யூப்களை எண்ணிப்பாருங்கள்.

போனிலேயே முடிக்க வேண்டியவை

பின்பலகையின் தெளிவான படம் ஒன்றை முதலில் வாங்குங்கள். முன்பக்கப் படத்தால் ஒரு லாபமும் இல்லை. பின்பலகையில் வோல்டேஜ், வாட் அளவு, ஃபியூஸ் அளவு, ஸ்பீக்கர் ஓம் எல்லாம் அச்சிட்டிருக்கும். அப்புறம், எத்தனை வருஷமாகச் சும்மா கிடக்கிறது, யாராவது திறந்து வேலை பார்த்தார்களா, கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) கூட வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக இதையும் சொல்லிவிடுங்கள்: "சேட்டா, நான் வர்றதுக்கு முன்னாடி ஆம்ப ஆன் பண்ணி வைக்காண்டாம், வந்தப்புறம் போடலாம்." சூடேறி நிற்கிற ஆம்ப் பாதி நோயை மறைத்துவிடும். குளிர்ந்த நிலையில் போடும்போது என்ன சத்தம் வருகிறது, எத்தனை நேரத்தில் பாட ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் நீங்களே பார்க்க வேண்டியவை.

120 வோல்ட்டா, 230ஆ

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். அமெரிக்காவிலிருந்து நேராக வந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் அதைச் செருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் போகும். கடையில் "மாற்று பிளக்" போட்டுக் கொடுப்பதால் வோல்டேஜ் மாறாது. சில ஆம்ப்களில் உள்ளேயோ பின்னாலோ வோல்டேஜ் மாற்றும் வசதி இருக்கும். பலவற்றில் இருக்காது, ட்ரான்ஸ்ஃபார்மரே ஒரு நாட்டுக்கென்று சுற்றியது.

120 வோல்ட் ஆம்பை வாங்கவே கூடாது என்றில்லை, ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். அதன் செலவையும் சுமையையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பின்பலகையில் போட்டிருக்கிற, ஆம்ப் சுவரிலிருந்து இழுக்கும் வாட் அளவைப் போல ஒன்றரை மடங்காவது தாங்குகிறதாக அது இருக்க வேண்டும். 100 வாட் ஆம்ப் என்பது ஸ்பீக்கருக்குப் போகிற 100 வாட். சுவரிலிருந்து இழுப்பது அதைப்போல மூன்று மடங்குகூட ஆகும். மிக்ஸிக்கென்று விற்கிற சின்ன கன்வெர்ட்டர் இதற்கு ஆகாது. அதைவிட முக்கியம் எர்த். இரண்டு முனை மட்டும் உள்ள கன்வெர்ட்டரில் ஆம்பின் எர்த் அறுந்துபோகும், அந்த ஆம்பில் செருகிய கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் வாய் வைப்பது உயிரோடு விளையாடுவது. மூன்று முனையும் எர்த்தும் உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்று, அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அமெரிக்க ட்ரான்ஸ்ஃபார்மர் இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். பல ஆம்ப்கள் இரண்டுக்கும் தாங்கும்படிதான் செய்யப்பட்டவை, பின்பலகையில் 50/60 என்று போட்டிருந்தால் கவலை இல்லை. 60 மட்டும் போட்டிருந்தால் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் மூடியில் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் விட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால், முதல் ஆம்ப் 230 அல்லது 240 வோல்ட்டுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். கொஞ்சம் காத்திருந்தால் கிடைக்கும்.

நேரில் பார்க்கும்போது

கையில் எடுத்துப் போக வேண்டியவை: உங்கள் கிட்டார், நல்ல கேபிள், சின்ன பேட்ச் கேபிள் ஒன்று, மல்டிமீட்டர், டார்ச், மரப் பென்சில், நல்லது என்று தெரிந்த 12ஏஎக்ஸ்7 ஒன்று.

முதல் வேலை ஸ்பீக்கர். கேபினெட் இணைக்காமல் ட்யூப் ஆம்பை ஆன் பண்ணவே கூடாது. சுமை இல்லாமல் வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் வோல்டேஜ் எகிறி, உள்ளே பொறி தட்டிக் காப்பு எரிந்துவிடும். "கேபினெட் இல்லை, லைட் எரியுதான்னு மட்டும் பாருங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம். கேபினெட்டின் ஓம் என்ன என்று சந்தேகம் வந்தால் கேபிள் முனையில் மல்டிமீட்டர் வையுங்கள்: 16 ஓம் கேபினெட் 12, 13 என்று காட்டும், 8 ஓம் ஆறு, ஏழு காட்டும். ஆம்பின் ஓம் திருகியை அதற்கு ஏற்ற மாதிரி வைக்க வேண்டும். கேபிளும் ஸ்பீக்கர் கேபிளாகவே இருக்கட்டும், கிட்டார் கேபிளில் உள்கம்பி மெலிசு.

ஆன் பண்ணுவதற்கு முன் ஃபியூஸ் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். இந்த ஒரு காரியத்துக்கே நான் அரை மார்க் போடுவேன். உள்ளே அச்சிட்ட அளவுள்ள கண்ணாடி ஃபியூஸ் இருந்தால் அது ஒழுங்கான வீடு. செம்புக் கம்பி சுற்றியிருந்தாலும், சிகரெட் பெட்டி ஜிகினா சுற்றியிருந்தாலும், ஃபியூஸ் எதற்காகப் போனது என்று யாரும் தேடவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு பவர் ட்யூப் ஷார்ட்டாகி, ஸ்கிரீன் ரெசிஸ்டரையும் எரித்திருக்கும். ஃபியூஸ் இல்லாமல் மேலும் ஓட்டியிருந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் வரை போயிருக்கலாம். மூக்கையும் பயன்படுத்துங்கள். எரிந்த வார்னிஷ் நாற்றம் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து வந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

டார்ச் அடித்து ட்யூபின் தலையைப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளி பூசின மாதிரி ஒரு திட்டு இருக்கும். அது வெள்ளியாகவோ கொஞ்சம் பழுப்பாகவோ இருந்தால் சரி. பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த ட்யூப் செத்தது, அதோடு ஆன் பண்ண விடாதீர்கள்.

இப்போது ஸ்டாண்ட்பையில் (ட்யூபைச் சூடாக்க மட்டும் விடுகிற ஸ்விட்ச்) வைத்து பவர் போடுங்கள். ஒரு நிமிஷம் ட்யூப் சூடாகட்டும், பிறகு ஸ்டாண்ட்பையை எடுங்கள். வால்யூம் எல்லாம் பூஜ்யத்தில். பவர் ட்யூப்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஹீட்டர் எரிவது இயல்பு. கண்ணாடி ஓரத்தில் நீல ஒளி மினுங்கினாலும் பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கிற சாம்பல் நிறத் தகடு ஒரு பக்கம் செங்கல் மாதிரி சிவக்க ஆரம்பித்தால் உடனே ஆஃப். அந்த ட்யூபுக்கு பயாஸ் (கரண்டை அடக்கி வைக்கிற நெகட்டிவ் வோல்டேஜ்) வரவில்லை, அல்லது ட்யூப் கட்டுப்பாடு இழந்துவிட்டது.

வால்யூம் பூஜ்யத்திலேயே அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்டால் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வயதாகியிருக்கலாம். பதினைந்து, இருபது வருஷ ஆம்புக்கு அது எதிர்பார்க்க வேண்டியதுதான். மாற்றலாம், செலவு உண்டு. பவர் ட்யூப் ஜோடி பொருந்தாமல் போனாலும் உறுமும். லீட் சேனலில் கெயினை ஏற்றினால் வரும் 'ஷ்ஷ்' இரைச்சல் ஹை-கெயின் ஆம்பின் கூடப்பிறந்தது, அதற்காக விலை குறைக்கச் சொன்னால் விற்கிறவர் சிரிப்பார்.

கெயினை ஏற்றி, வால்யூம் மிதமாக வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் பிரீஆம்ப் ட்யூப் ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லத் தட்டுங்கள். லேசாக 'டொக்' என்று ஸ்பீக்கரில் கேட்பது எல்லா ஹை-கெயினிலும் உண்டு. 'டிங்ங்' என்று மணி அடித்து, நிற்காமல் ஊளையாக மாறினால் அந்த ட்யூப் மைக்ரோஃபோனிக், அதிர்வையே மைக் மாதிரி சத்தமாக்குகிறது. ஆஃப் பண்ணி, சூடு ஆறவிட்டு, நீங்கள் கொண்டுபோன 12ஏஎக்ஸ்7ஐ அந்த இடத்தில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் திடீரென்று பாதியாகி மறுபடி வருகிறதா? பேட்ச் கேபிளை எடுத்து எஃபெக்ட்ஸ் லூப்பின் (எஃபெக்ட் பெட்டிகளை இணைக்கும் இடம்) சென்ட், ரிடர்ன் இரண்டையும் இணையுங்கள். சத்தம் நிலைத்துவிட்டால் கோளாறு ரிடர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கிற சின்ன காண்டாக்ட்தான். குளச்சல், விழிஞ்ஞம் மாதிரி கடலோர ஊரில் கிடந்த ஆம்ப்களில் இது சர்வசாதாரணம், உப்புக்காற்று அதைப் பச்சை பூக்க வைத்துவிடும். காண்டாக்ட் கிளீனரில் தீரும் காரியம். விற்கிறவருக்கு அது தெரியாமல் "உள்ள என்னமோ போயாச்சு" என்று நினைத்துக்கொண்டிருந்தால், உங்கள் மனசாட்சிக்கு ஏற்றபடி பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாம் நன்றாக இருந்தாலும் அரை மணி நேரம் வாசிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். சில பழைய போர்டுகளில் சூடேறச் சூடேற பயாஸ் மெல்ல நழுவும். முதல் பத்து நிமிஷத்தில் அது தெரியாது.

பேரத்துக்கு ஒரு எளிய கணக்கு: பவர் ட்யூப் முழு செட்டின் இன்றைய விலையை விசாரித்துவிட்டுப் போய், ட்யூப் எதுவாக இருந்தாலும் அதைக் கழித்துக் கேளுங்கள். "புதியது" என்பதற்கு பில் காட்டினால் விட்டுக்கொடுக்கலாம். வாங்கியதும் விற்றவரிடம் மாடல், சீரியல் எண், தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எல்லை தாண்டி வரும்போது யாராவது கேட்டால் காட்டலாம்.

கொண்டுவருவது

ஹெட் 20 கிலோ பக்கம் வரும். எடை முழுவதும் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பக்கம் சாயும், தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் கடைசி சீட்டைவிட ரயில் நல்லது. பாறசாலை, குழித்துறை, இரணியல் வழியாக வரும் வண்டியில் காலடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். பவர் ட்யூப்களை வாங்கிய இடத்திலேயே ஆறவிட்டுக் கழற்றி, எது எந்தக் குழியில் இருந்தது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி, துணியில் சுற்றித் தனியாகக் கொண்டுவாருங்கள்.

எந்த ட்யூப் வாங்குவது

இன்று கிட்டார் ஆம்புக்குப் புது ட்யூப் செய்கிற இடங்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஸ்லோவாக்கியாவின் சாட்சாவில் ஜேஜே, ரஷ்யாவின் சராத்தவில் ஒரு ஆலை, அப்புறம் சீனா. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், சொவ்டெக், டங்-சோல் என்று வேறுவேறு பெயரில் விற்பதில் பல அந்த ஒரே ரஷ்ய ஆலையிலிருந்து வருபவை. 2022இல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உலகம் முழுவதும் விலை எகிறியது இதனால்தான். ஆகவே பெயரைப் பார்த்து மயங்காமல், ட்யூபைச் சோதித்து அனுப்புகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பணத்தை எங்கே போடுவது? ஹை-கெயினில் முதல் ட்யூப், அதாவது இன்புட் ஜாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் வி1தான் ராஜா. அதில் வருகிற இரைச்சலைத்தான் பின்னால் வருகிற எல்லாம் பெருக்கப் போகின்றன. அந்த ஒன்றுக்கு மட்டும் 'இரைச்சல் குறைவு, மைக்ரோஃபோனிக் இல்லை' என்று பொறுக்கியெடுத்த ட்யூபைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள். மற்ற இடங்களுக்குச் சாதா ட்யூப் போதும். பவர் ட்யூபுக்கு அருகில் இருக்கும் கடைசி 12ஏஎக்ஸ்7 ஃபேஸ் இன்வெர்ட்டர், சிக்னலை இரண்டாகப் பிரித்துப் பவர் ட்யூப்களுக்குக் கொடுப்பது. கொஞ்சம் இரைச்சல் உள்ள ட்யூபையும் அங்கே ஒளித்துவைக்கலாம்.

நம் ஊர் பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சிலரிடம் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த ஈசிசி83 இன்னும் பெட்டியில் இருக்கும். கிடைத்தால் விடாதீர்கள், நல்ல சரக்கு. ஆனால் ரேடியோவிலிருந்து கழற்றியது என்றால் வி1இல் ஊளையிடலாம், வேறு குழிகளில் போட்டுப் பாருங்கள்.

பவர் ட்யூப் எப்போதும் பொருந்திய (ஒரே அளவு கரண்ட் இழுக்கிற) ஜோடியாக, நான்கு குழி என்றால் நான்கும் ஒரே செட்டாக வாங்க வேண்டும். ஆம்ப் எதற்காகச் செய்யப்பட்டதோ அதையே போடுங்கள். இஎல்34 குழியில் 6எல்6 உட்காரும், உட்காருவதெல்லாம் பொருத்தம் ஆகாது. பயாஸ் வேறு. இஎல்34இன் ஹீட்டர் 1.5 ஆம்பியர் இழுக்கும், 6எல்6 0.9 ஆம்பியர்தான். 6எல்6க்கு மட்டும் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மரில் நான்கு இஎல்34 போட்டால் அது தவிக்கும். டூயல் ரெக்டிஃபையரில் பின்னால் இரண்டுக்கும் ஸ்விட்ச் இருக்கிறது, அது வேறு கதை. ஜேசிஎம்900 சிலவற்றில் ஆலையிலேயே இஎல்34க்குப் பதில் 5881 வந்தது. ஆகவே முதலில் இருப்பதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பிரீஆம்ப் ட்யூப் மாற்றுவது

இதற்கு பயாஸ் தேவையில்லை, நீங்களே செய்யலாம். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, ஆறவிட்டு, உலோக மூடி இருந்தால் அழுத்தித் திருகி எடுத்து, ட்யூபை நேராக மேலே இழுங்கள். வட்டமாக மெல்ல ஆட்டலாம், பலமாக ஒரு பக்கம் சாய்த்தால் ஊசி வளையும், கண்ணாடி கீறும். ஒன்பது ஊசி, ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி. அந்த இடைவெளி குழியின் இடைவெளியோடு பொருந்தினால்தான் இறங்கும்.

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றுங்கள். மாற்றி, வாசித்து, வித்தியாசம் கேட்டு, அப்புறம் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் புதிதாக ஒரு இரைச்சல் வரும்போது எது குற்றவாளி என்று தெரியாமல் முழிக்க வேண்டும். கழற்றிய ட்யூப் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பிரீஆம்ப் ட்யூப்கள் பல வருஷம் உழைப்பவை. "ரீட்யூப்" என்ற பெயரில் நல்ல ட்யூபைக் கழற்றி மட்டமான புது ட்யூபைப் போடுகிற கூத்து நிறைய நடக்கிறது.

பவர் ட்யூபும் பயாஸும்

பவர் ட்யூபில் எட்டு ஊசி, நடுவில் ஒரு கறுப்புத் தூண், அதில் ஒரு வரம்பு. அந்த வரம்பு குழியின் வெட்டுக்குள் போக வேண்டும். தூண் உடைந்த ட்யூபைப் போடாதீர்கள், திருப்பிச் செருகிவிட்டால் ஃபியூஸோடு நிற்காது. அடித்தளத்தைப் பிடித்து அழுத்துங்கள், கண்ணாடியைப் பிடித்து அல்ல. ட்யூப் லொடலொடவென்று நின்றால் குழியின் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. குழியில் ஊசிகளுக்கு இடையே கரிக்கோடு தெரிந்தால் அங்கே பொறி பாய்ந்திருக்கிறது. சுத்தம் செய்து பயனில்லை, குழியையே மாற்ற வேண்டும்.

அடுத்தது பயாஸ். பீவி 5150, 6505, மெசா ரெக்டிஃபையர் ஆகியவற்றில் பயாஸ் திருகி கிடையாது, ஆலையில் வைத்ததுதான். அந்த அளவுக்குள் வருகிற பொருந்திய செட் வாங்கிப் போட்டுவிட்டு, தகடு சிவக்கிறதா என்று பார்த்தால் போதும். மெசா தன் பெயரிலேயே நிறக்குறியோடு தரம் பிரித்து விற்பது இதற்காகத்தான். ஜேசிஎம்800 மாதிரி திருகி உள்ள ஆம்ப்களில் அளந்து வைக்க வேண்டும்.

சேசிஸை (உள்ளே இருக்கிற உலோகக் கூட்டை) திறக்கும் வேலை இது என்றால் புதியவர்கள் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உள்ளே 400 முதல் 500 வோல்ட் டிசி ஓடுகிறது, பிளக்கை உருவிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் வால்வு காலத்து மைக் செட் ஆம்ப்ளிஃபையர் பார்த்த கை இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு அண்ணாச்சியைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கிட்டார் ஆம்ப் அவருக்குப் புதுசு, ஆனால் சர்க்கியூட் பழைய சிநேகிதன். திறக்காமல் செய்ய ஆசைப்பட்டால், குழிக்கும் ட்யூபுக்கும் நடுவே செருகுகிற பயாஸ் ப்ரோப் வாங்கிக்கொள்ளலாம்.

அவர் செய்யும்போது நடப்பது இது. முதலில் ரெசிஸ்டர் கோத்த கிளிப் ஒயரால் கெபாசிட்டரை இறக்கி, மீட்டரில் பத்து வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்க்கிறார். பவர் ட்யூப் இல்லாமல் ஆம்பைப் போட்டு, ஒவ்வொரு குழியின் ஐந்தாம் ஊசியிலும் நெகட்டிவ் வோல்டேஜ் வருகிறதா என்று அளக்கிறார். அப்போது ஒரு கை சட்டைப்பைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு குழியில் வரவில்லை என்றால் அங்கே போடும் புது ட்யூப் ஒரே நிமிஷத்தில் சிவந்து சாகும், அதனால்தான் இந்தச் சோதனை. நான்கிலும் வந்தால், நெகட்டிவ் அதிகபட்சமாக இருக்கும்படி திருகியை வைத்து, ஆஃப் பண்ணி, ட்யூப்களைப் போடுகிறார்.

பிறகு கணக்கு. இஎல்34 தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட் (அந்தச் சாம்பல் நிறத் தகடு) வோல்டேஜ் 450 என்றால் 17.5ஐ 450ஆல் வகுக்க, ட்யூப் ஒன்றுக்கு 39 மில்லிஆம்பியர். 6எல்6ஜிசி தாங்குவது 30 வாட், அதே 450இல் 46 வரும். இது மேல்வரம்பு, இலக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டிஸ்டார்ஷன் பிரீஆம்பில் வருகிற ஆம்புக்கு 60 சதவீதம் தாராளம்: இஎல்34க்கு 33, 6எல்6க்கு 40. அடிநாதம் இறுக்கமாக இருக்கும், ட்யூபும் கூடுதல் நாள் வரும். கேதோடில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் தெரிகிற மில்லிவோல்ட்தான் மில்லிஆம்பியர். இரண்டு ட்யூபுக்கும் சேர்த்து ஒரே அளவுப்புள்ளி என்றால் மேலே சொன்ன எண்ணை இரட்டிப்பாக்கிக்கொள்ளவும்.

திருகியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் பிளேட் வோல்டேஜை மறுபடி பாருங்கள். கரண்ட் ஏற ஏற அது இறங்கும். அரை மணி கழித்து மறுபடி ஒரு தடவை. நம் பக்கத்தில் இன்னொரு விஷயம்: மாலை ஏழு மணிக்குச் சுவர் வோல்டேஜ் 200க்கு இறங்கும், நடுராத்திரி 245க்கு ஏறும் வீடுகள் உண்டு. குறைந்த வோல்டேஜில் பயாஸ் வைத்தால் ஏறும்போது ட்யூப் வேகும். சுவரில் 230 பக்கம் இருக்கும் நேரத்தில் வையுங்கள். கோயில் கொடை, தேவாலயத் திருவிழா என்று ஜெனரேட்டரில் வாசிப்பவர்கள் பிளக் பாயிண்டை முதலில் மீட்டரில் பார்த்துவிட்டே செருக வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மழையும் உப்பும்

குமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். ஆம்பை மூடி மூலையில் வைத்தால் மேலுறையான டோலெக்ஸில் பூஞ்சை, குழியில் களிம்பு, உள்ளே பல்லி முட்டை. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டினாலே உள்ளே ஈரம் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பருத்தித் துணி போதும். ட்யூப் ஊசிகளையும் வால்யூம் திருகிகளையும் வருஷத்துக்கு ஒருமுறை காண்டாக்ட் கிளீனரில் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தூசியை அழைத்துக் குடிவைக்கும்.

ஐப்பசி, சித்திரை மாதங்களில் சாயங்காலம் இடி இறங்கும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கை உருவுங்கள். கிட் பையில் நிரந்தரமாகக் கிடக்க வேண்டியவை: சரியான அளவில் மெயின்ஸ் ஃபியூஸ், எச்டி (ஹை டென்ஷன்) ஃபியூஸ் நான்கைந்து, ஒரு 12ஏஎக்ஸ்7, பொருந்திய பழைய பவர் ட்யூப் ஜோடி ஒன்று. ஃபியூஸ் வாங்கும்போது எண்ணுக்கு முன்னால் 'டி' எழுத்து இருக்கிறதா பாருங்கள். மெதுவாகப் போகிற வகை அது. வேகமாகப் போகிற வகையைப் போட்டால் ஆன் பண்ணும்போதெல்லாம் போய்க்கொண்டே இருக்கும், ஆம்பில் கோளாறு என்று நினைத்து வீணாக மெக்கானிக் வீட்டுக்குச் சுமப்பீர்கள்.